சாலையோரத்துப் பேய்ப்பூசணியும் நம் வீட்டுச் சுரைக்காயும்

சென்ற செப்டம்பரில் நம் சங்கத்தின் வனபோஜனத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். பூங்காவின் வேலியோரம் பிள்ளைகள் டென்னிஸ் பந்து அளவில் உருண்டையான மஞ்சள் காய்களை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி அந்தக் கொடியின் அருகே போய், ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து முகம் சுளித்தார். பிறகு ஒரு காயை உடைத்து, சாற்றை விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்தார். வைத்த வேகத்தில் துப்பினார். "ஐயோ, பேய்க்குமட்டி! பிள்ளைங்களைக் கையைக் கழுவச் சொல்லுங்க" என்றார்.

பாட்டி சொன்னது ஏறக்குறைய சரி. நம் ஊர் மணற்பாங்கான நிலங்களில் படரும் பேய்க்குமட்டி வேறு, இது வேறு. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். இங்கே இதற்குப் பெயர் பஃபலோ கோர்ட். தாவரவியலார் 1817-ல் வைத்த பெயர் குக்குர்பிட்டா ஃபீட்டிடிசிமா. 'மிகவும் நாறுகிற பூசணி' என்று பொருள். இலையைக் கசக்கிப் பார்த்தவர்கள் யாரும் பெயர் பொருந்தவில்லை என்று சொல்ல மாட்டார்கள்!

டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, கலிஃபோர்னியா என்று தென்மேற்கு மாநிலங்களிலும், வடக்கே நெப்ராஸ்கா வரையிலும், தெற்கே மெக்சிகோவிலும் இது தானாக வளர்கிறது. நெடுஞ்சாலையில் போகும்போது சாம்பல் கலந்த பச்சை நிறத்தில், முக்கோண இலைகளை நிமிர்த்தி வைத்துக்கொண்டு தரையில் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூ நம் பரங்கிப் பூ போலவே மஞ்சளாக, பெரிதாக இருக்கும். பிஞ்சில் பச்சை வரியோடு இருக்கும் காய், முற்றினால் மஞ்சளாகும். குளிர்காலத்தில் கொடி காய்ந்து போகும், ஆனால் செடி சாகாது. மண்ணுக்குள் பனங்கிழங்கை நினைவூட்டும் வடிவில், அதைவிடப் பல மடங்கு பருத்த ஒரு கிழங்கு இருக்கிறது. சில ஆண்டுகளில் அது பல பத்து கிலோ எடைக்கு வந்துவிடும். மழையே இல்லாத இடத்திலும் இது பிழைத்திருப்பதன் ரகசியம் அந்தக் கிழங்குதான்.

இந்த மண்ணின் பூர்வகுடிகள் இதை நன்றாக அறிந்தவர்கள். கலிஃபோர்னியாவின் கவியா மக்கள் இதன் காயையும் கிழங்கையும் நம்மவர்கள் பூந்திக்கொட்டையைப் பயன்படுத்தியது போலத் துணி வெளுக்கப் பயன்படுத்தினார்கள். காய்ந்த காயைக் கிலுகிலுப்பையாக்கினார்கள். விதையைச் சதைப்பற்று ஒட்டாமல் கழுவி வறுத்துத் தின்றார்கள். விதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், அதே அளவுக்குப் புரதம். இதைக் கண்டு 1946-ல் கர்டிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வறண்ட நிலத்துக்கு ஏற்ற எண்ணெய் வித்துப் பயிர் இது என்று எழுதினார். 1970-களில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் விரிவாக ஆராய்ந்தார்கள். ஆனாலும் இது வயலுக்கு வந்து பெரும் பயிராகவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் விதையை வறுத்துப் பார்க்க வேண்டாம். கடையில் பூசணி விதை பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கும்போது எதற்கு இந்த வீரம்?

காயின் சதையைச் சாப்பிட முடியாமல் செய்வது குக்குர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள். பூசணி, வெள்ளரி, சுரை, பீர்க்கு எல்லாம் அடங்கிய குடும்பத்துக்கே உரிய ஆயுதம் இது. புழு பூச்சியும் விலங்கும் தின்னாமல் இருக்கச் செடி தயாரித்துக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், வெள்ளரி வண்டு என்னும் ஒருவகை வண்டுக்கு மட்டும் இந்தக் கசப்பு அமிர்தம். இந்தக் கிழங்கின் பொடியையே தூண்டிலாக வைத்து, சோளப் பயிரைக் கெடுக்கும் அந்த இன வண்டுகளைக் கொல்லும் மருந்துகள் இந்நாட்டில் தயாராகியிருக்கின்றன.

இன்னொரு ரசிகரும் இருந்தார். யானையைப் போன்ற, அழிந்துபோன மாஸ்டோடான். ஃபுளோரிடாவில் கிடைத்த அதன் பழங்காலச் சாணத்தில் காட்டுப் பூசணி விதைகள் இருந்தன. பெரிய விலங்குகளுக்குக் கசப்பை உணரும் மரபணுக்கள் குறைவு, அதனால் அவற்றால் இதைத் தின்ன முடிந்திருக்கும் என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மனிதர்கள் செய்தது வேறு. கசக்காத காய் எந்தக் கொடியில் காய்த்ததோ அதன் விதையை மட்டும் எடுத்து வைத்து விதைத்தார்கள். மெக்சிகோவின் வஹாக்கா பகுதிக் குகையொன்றில் கிடைத்த பயிர்ப் பூசணி விதைகளுக்கு வயது சுமார் 10,000 ஆண்டு. இன்று நாம் சாம்பாரில் போடும் பூசணி இனிப்பது இப்படிப் பல தலைமுறைகள் கசப்பை விலக்கி விதை எடுத்ததால்தான்.

கசப்பு எப்படித் திரும்பி வருகிறது?

நம் சமையலறைக்கு இந்தச் செய்தி வேண்டியிருப்பது இதனால்தான். விலக்கிய கசப்பு மரபணு வழியாகத் திரும்பி வர முடியும். பஃபலோ கோர்ட் நம் தோட்டத்துச் சுக்கினியோடு எளிதில் கலக்காது. ஆனால் அதற்கு நெருங்கிய உறவான டெக்சாஸ் காட்டுப் பூசணி, ஆற்றங்கரைகளில் முட்டை போன்ற சிறு காய் காய்ப்பது, நன்றாகவே கலக்கும். அதுவும் சுக்கினியும் ஒரே இனம். ஹாலோவீன் பூசணியும், மேசையில் அழகுக்கு வைக்கும் வண்ண வண்ணச் சிறு பூசணிகளில் பலவும் அதே இனம்தான். தேனீக்கு இந்தக் கொடி எது, அந்தக் கொடி எது என்று தெரியாது.

மகரந்தம் கலந்தாலும் இந்த ஆண்டுக் காய் கசக்காது. கலப்பு விதையில் இருக்கும். அந்த விதையைக் காயவைத்து அடுத்த ஆண்டு போட்டால், அந்தக் கொடியில்தான் கசப்புக் காய் வரும். பார்ப்பதற்கு அருமையான சுக்கினி போலவே இருக்கும். அலங்காரப் பூசணியைத் தோட்டத்தில் எறிந்து, அது தானாக முளைத்துக் காய்த்தாலும் இதே கதை. ஊரிலிருந்து பெட்டியில் வந்த விதை, நண்பர் வீட்டு விதை என்று கைமாற்றிக்கொள்ளும் நம் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டுப் பீர்க்கும் அப்படி வந்ததுதான். கூடவே ஒரு கவனம் வேண்டும், அவ்வளவே. சுரைக்காய் வேறு இனம், சுக்கினியோடு கலக்காது. ஆனால் அதிலும் கசப்புக் கொடிகள் உண்டு.

இது வயிற்று உபாதையோடு போகிற விஷயம் மட்டுமல்ல. கலிஃபோர்னியாவிலும் அலபாமாவிலும் கசப்புச் சுக்கினி சாப்பிட்டு நோயுற்றவர்கள் பற்றி 1984-லேயே ஆய்வுக் கட்டுரை வந்தது. ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் 2015-ல், பக்கத்து வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயது முதியவர் உயிரிழந்தார். குறைவாகச் சாப்பிட்ட அவர் மனைவி பிழைத்தார். கசப்புப் பூசணி சாப்பிட்ட சில வாரங்களுக்குள் தலைமுடி கொத்தாக உதிர்ந்த இரண்டு பிரெஞ்சுப் பெண்களைப் பற்றி 2018-ல் மருத்துவ இதழொன்று எழுதியது.

நமக்கு மிக அருகில் இருப்பது 2010-ல் டெல்லியில் நடந்தது. உடல்நலத்துக்கு நல்லது என்று சுரைக்காய்ச் சாற்றைப் பாகற்காய்ச் சாற்றோடு கலந்து குடித்த விஞ்ஞானி ஒருவர் இறந்தார். அதே சாற்றைக் குடித்த மனைவியும் கடுமையாக நோயுற்றுப் பிழைத்தார். இதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. சாறு எடுக்கும் முன் ஒரு துண்டை ருசி பார்க்க வேண்டும், கசந்தால் மொத்தத்தையும் எறிய வேண்டும், சுரைக்காய்ச் சாற்றை வேறு எந்தச் சாற்றோடும் கலக்கக் கூடாது என்று அந்தக் குழு சொன்னது.

கலக்கக் கூடாது என்று ஏன் சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாகற்காய் எப்படியும் கசக்கும், அதனால் சுரைக்காயின் கசப்பு நாக்குக்குத் தெரியாமல் போகும். நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பாகற்காயும் வேப்பம்பூவும் சுண்டைக்காயும் தின்று வளர்ந்த நாக்கு நம்முடையது. "கசப்பு உடம்புக்கு நல்லது, முழுங்கு" என்று கேட்டே வளர்ந்தோம். பாகற்காயின் கசப்புப் பொருள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் வேறு வகை, காலங்காலமாக உண்டு பழகியது. அந்த நம்பிக்கையைச் சுரைக்காய்க்கும் சுக்கினிக்கும் நீட்டக் கூடாது. புளியும் வெல்லமும் சேர்த்துக் கசப்பை அடக்கி விடலாம் என்றும் நினைக்காதீர்கள். கசப்பை மறைக்கலாம், விஷத்தை அல்ல. வேகவைத்தாலும் அது அழியாது.

உண்மையில் நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்குமட்டி என்று கசப்பு வகைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்து, மருந்துக்கு வேறு, சமையலுக்கு வேறு என்று பிரித்தார்கள். பீர்க்கங்காயை நறுக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கும் அம்மாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குழாய்த் தண்ணீரில் கழுவி, படம் போட்ட பாக்கெட்டில் வாங்கும் இந்த ஊரில் அந்தப் பழக்கம் நம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. தோட்டத்துக் காயென்றால் கட்டாயம் செய்யுங்கள், கடைக் காய்க்கும் செய்யுங்கள். கடைக் காய் கசப்பது அரிது. ஆனால் ஒரு துண்டு கடித்துப் பார்க்க ஐந்து வினாடிதான். கசந்தால் துப்பி, வாயைக் கொப்பளித்து, காயை எறிந்துவிடுங்கள். அதே கொடியின் மற்ற காய்களும் வேண்டாம், விதையும் வேண்டாம். ஆனால் யாராவது ஏற்கெனவே விழுங்கியிருந்தால், மிச்சக் காயை எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். மருத்துவமனையில் காட்ட உதவும்.

விழுங்கிவிட்டால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, பேதி வரலாம். இதற்கு முறிவு மருந்து கிடையாது. உடலில் நீர் குறையாமலும் இரத்த அழுத்தம் இறங்காமலும் பார்த்துக்கொள்வதே சிகிச்சை. நீங்களாக வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அமெரிக்காவில் விஷ முறிவு ஆலோசனை மையத்தை 1-800-222-1222 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். வாந்தியிலோ பேதியிலோ இரத்தம் தெரிந்தால், தலைசுற்றி விழுந்தால், 911-ஐ அழையுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் காத்திருந்து பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

வரும் வசந்தகாலத்தில் சங்கத்தில் விதை மாற்றிக்கொள்ளும்போது ஒரு சிறு வேண்டுகோள். எந்தக் காயின் விதை, பக்கத்தில் வேறு பூசணிக் கொடி இருந்ததா, காயை ருசி பார்த்தீர்களா என்று உறையின் மேல் எழுதித் தாருங்கள். வனபோஜனப் பூங்காவில் அந்தக் கொடி இந்த ஆண்டும் முளைக்கும். கிழங்கைத் தோண்டி எடுப்பது நம்மால் ஆகாது. பிள்ளைகள் காயை உதைத்து விளையாடட்டும், சாப்பிட உட்காரும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.