துணி மட்டுமே கூரையல்ல: பழைய கன்வர்ட்டிபிளுக்குப் புது டாப்

ஓட்டு வீட்டுக்கு ஓடு மாற்ற வருகிறவர் எடுத்ததும் புது ஓட்டைத் தொடமாட்டார். ஏணி வைத்து ஏறி, கைமரத்தைத் தட்டிப் பார்ப்பார். வரிச்சு எங்கே உளுத்திருக்கிறது, தண்ணீர் எந்த வழியாக இறங்கியிருக்கிறது என்று தேடுவார். ஓடு அதற்குப் பிறகுதான். கூரையை மடித்துவைக்கும் பழைய கன்வர்ட்டிபிள் கார்களுக்கும் இதே ஒழுங்குதான். ஆனால் ஆசை ஆசையாய் அந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் பலர் நேரே துணியைத் தேடிப் போய்விடுகிறார்கள். என்ன நிறம், என்ன துணி, என்ன விலை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. புது டாப் போட்ட அடுத்த மழையிலேயே கார்ப்பெட் நனைந்த பிறகு, துணிக்காரரைத் திட்டுகிறார்கள்.

இந்த விஷயத்தில் உலவும் நம்பிக்கைகளைச் சரிபார்க்க மூன்று கார்களை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி.; ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் கார்மன் நிறுவனம் 1949 முதல் 1980 வரை கட்டிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கேப்ரியோலே; 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்-5. மூன்றும் இன்றும் சாலையில் ஓடுபவை. மூன்றுக்கும் புது டாப் கிடைக்கிறது. தேர்வில் மூன்றும் மூன்று விதம்.

நம்பிக்கை: துணி டாப்தான் தரமானது, வினைல் மலிவுச் சரக்கு.

உண்மை: எம்.ஜி.பி.யும் முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 கார்களில் பெரும்பாலானவையும் ஆலையிலிருந்து வெளிவந்ததே வினைல் டாப்போடுதான். அந்தக் கார்களுக்கு வினைல் போடுவது கஞ்சத்தனம் அல்ல, காரின் அசல் தோற்றத்துக்குச் செய்யும் மரியாதை.

வினைல் நம்மூர் ரெக்சினுக்கு உறவு. நெய்த துணியின் மேல் பி.வி.சி. பூச்சு. தண்ணீர் உள்ளே இறங்காது. ஈரத் துணியால் துடைத்தால் அழுக்கு போய்விடும். அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். மடிக்கும்படி அதை இளக்குவதற்கு எண்ணெய்ப் பசையுள்ள ஒரு பொருளைக் கலக்கிறார்கள். வெயிலும் ஆண்டுகளும் சேர்ந்து அதை மெல்ல வெளியேற்றிவிடும். அதன் பிறகு தினமும் மடியும் கோட்டில்தான் முதல் வெடிப்பு விழும்.

துணி டாப் என்பது ஒற்றைத் துணி அல்ல, மூன்று அடுக்கு. மேலே அக்ரிலிக் நெசவு, நடுவே தண்ணீரைத் தடுக்கும் ரப்பர், அடியில் பருத்தி அல்லது பாலியெஸ்டர். நல்ல அக்ரிலிக்கில் நூலாகும் முன்பே நிறம் சேர்ந்துவிடுகிறது. மஞ்சள் கிழங்கை எங்கே வெட்டினாலும் மஞ்சளாக இருப்பதுபோல, அந்த இழையில் உள்ளேயும் அதே நிறம்தான். அதனால் வெயிலில் எளிதில் வெளுப்பதில்லை. மடிப்பில் வெடிப்பதும் குறைவு. ஓட்டும்போது இரைச்சலும் சற்றுத் தணியும். ஆனால் நெசவுக்குள் தூசியும் பூஞ்சையும் தங்கும், பராமரிப்பு கேட்கும்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி “எது உயர்ந்தது?” என்பதல்ல. “என் கார் இரவில் எங்கே நிற்கிறது?” என்பதுதான். கொட்டகையில் நின்று ஞாயிறு மட்டும் வெளியே வரும் எம்.ஜி.பி.க்கு நல்ல வினைல் தாராளமாகப் போதும். தினமும் வெயிலில் நின்று, தினமும் மடியும் காருக்குத் துணிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

நம்பிக்கை: மோஹேர் டாப் ஆட்டு முடியில் நெய்தது.

உண்மை: மோஹேர் என்பது அங்கோரா ஆட்டின் முடிதான். ஆனால் இன்று கார் டாப்புக்கு அந்தப் பெயரில் விற்கும் துணிகளில் பெரும்பாலானவை செயற்கை இழை. அதில் குறையொன்றும் இல்லை. அவை நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் பெயருக்காக விலை கொடுக்காதீர்கள். அடுக்குகள் எவை, மேல் இழை எது என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நம்பிக்கை: பெயர்பெற்ற துணி என்றால் டாப்பும் நன்றாகத்தான் இருக்கும்.

உண்மை: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆக்டன் என்ற ஊரில் இருக்கும் ஹார்ட்ஸ் நிறுவனம் டாப் துணிகளுக்குப் பேர்போனது. ஸ்டேஃபாஸ்ட் அதன் துணி. ஆனால் அந்தத் துணியை வாங்கி, வெட்டி, தைத்து டாப்பாக விற்பவர்கள் வேறு ஆட்கள். ஒரே சுருளில் வெட்டிய துணியை இரண்டு தையல்காரர்களிடம் கொடுத்தால் ஒரே சட்டையா வரும்?

டாப் கைக்கு வந்ததும் அதன் தையலைப் பாருங்கள். உட்புறம் திருப்பி, ஜன்னல் ஓரத்துத் தையலை விரலால் வருடுங்கள். தையல் அடர்த்தி சீராக இருக்கிறதா, இரண்டு பக்கமும் அளவு ஒத்துப்போகிறதா, மூலைகளில் துணி இரட்டித்திருக்கிறதா? நூல் எது என்றும் கேளுங்கள். நைலான் நூல் வெயிலில் சீக்கிரம் வலுவிழக்கும். பாலியெஸ்டர் அதைவிடத் தாங்கும். பி.டி.எஃப்.இ. நூல் வெயிலுக்கு அசையாது, விலைதான் அதிகம். துணி நன்றாக இருக்கும்போதே நூல் இற்றுப் பிரிந்துபோன டாப்கள் ஏராளம். அதனால் நூலைக் கேட்காமல் துணியை மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான்.

நம்பிக்கை: காரின் பெயரைச் சொன்னால் போதும், சரியான டாப் வந்துவிடும்.

உண்மை: எம்.ஜி.பி. வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. அந்தக் காரின் ஆரம்ப ஆண்டுகளில் இரண்டு வகைக் கூரைகள் இருந்தன. ஒன்றில் துணியையும் சட்டத்தையும் தனித்தனியே கழற்றி டிக்கியில் வைத்துவிடலாம். இன்னொன்று சட்டத்தோடு சேர்ந்து பின்னால் மடியும். 1970-களின் தொடக்கத்தில் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டியின் பெயரால் அழைக்கப்படும் புதிய மடிப்புக் கூரை வந்தது. ஒன்றுக்கு வெட்டிய துணி மற்றொன்றின் சட்டத்தில் உட்காராது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐம்பது வருடக் காரில் சட்டம் எத்தனை முறை மாறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பதிவுப் புத்தகத்தில் இருக்கும் ஆண்டை நம்பி ஆர்டர் செய்யாதீர்கள். சட்டத்தை விரித்து நிறுத்தி, பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் படம் எடுத்து, அதைக் காட்டிக் கேளுங்கள்.

நம்பிக்கை: பின்ஜன்னல் கண்ணாடியாக இருந்தால் எப்போதும் மேல்.

உண்மை: பெரும்பாலும் சரி, ஆனால் எப்போதும் அல்ல. முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5-இல் பின்ஜன்னல் ஒளி ஊடுருவும் வினைல். ஜிப்பைத் திறந்து தாழ்த்திவைக்கலாம். வெயிலில் மஞ்சளாகும், மடித்தால் கீறல் விழும், குளிரில் விறைத்து உடையும். 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் சூடேற்றும் கம்பிகளோடு கண்ணாடி ஜன்னல் வந்தது. அந்த டாப் பழைய காரின் சட்டத்திலும் பொருந்தும் என்பதால், முதல் தலைமுறைக் கார் வைத்திருப்போர் பலர் அதற்கு மாறினார்கள். நல்ல மாற்றம்தான். சூடேற்றி வேலை செய்ய வேண்டுமானால் பழைய காரில் அதற்கு மின் இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பீட்டில் கேப்ரியோலேவில் கண்ணாடி ஜன்னல் ஆலையிலேயே வந்தது. எம்.ஜி.பி.யின் சட்டமோ வளையும் பிளாஸ்டிக் ஜன்னலை மனதில் வைத்து மடிய உருவானது. கண்ணாடி வளையாது, அது போய்ப் படுக்க இடம் வேண்டும். இடமில்லாத சட்டத்தில் கண்ணாடியைத் திணித்தால் ஒன்று டாப் முழுதாக மடியாது, அல்லது கண்ணாடி விளிம்பு துணியை அறுக்கும்.

பிளாஸ்டிக் ஜன்னலோடுதான் இருக்கப் போகிறீர்கள் என்றால், கூரையை மடிக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்கவையுங்கள். மேலே ஒரு மென்மையான துண்டை விரித்த பிறகு மடியுங்கள். குளிர் காலையில், ஜன்னல் விறைத்திருக்கும்போது மடிக்கவே வேண்டாம். இந்த ஒரு பழக்கம் அதன் ஆயுளைப் பல ஆண்டுகள் நீட்டிக்கும்.

நம்பிக்கை: உள்ளே தண்ணீர் வந்தால் துணி போய்விட்டது.

உண்மை: இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், இதை வையுங்கள். கன்வர்ட்டிபிளுக்குள் வரும் தண்ணீர் பல நேரம் துணி வழியாக வருவதில்லை. எம்.எக்ஸ்-5-இல் டாப்பின் பின்விளிம்பில் விழும் மழை, உள்ளே இருக்கும் ஒரு பிளாஸ்டிக் வாய்க்காலில் இறங்கும். அங்கிருந்து இருக்கைகளுக்குப் பின்னால், இரு பக்கமும் இருக்கும் துளைகள் வழியாகக் காரின் அடியில் வெளியேறும். இலையும் மண்ணும் அந்தத் துளையை அடைத்தால் தண்ணீர் வழி தேடிக் காருக்குள் நிறையும். வாசற்படியின் கீழே இருக்கும் தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வாய்க்காலே விரிசல் விட்டிருந்தாலும் இதே கதிதான். அதன்மேல் எத்தனை விலை உயர்ந்த துணியைப் போர்த்தினாலும் கார்ப்பெட் நனையத்தான் செய்யும்.

சோதனை எளிது. டாப்பைப் பாதி தூக்கி, பின்மூலையில் இருக்கும் துளையைக் கண்டுபிடியுங்கள். ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். சில நொடிகளில் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் தண்ணீர் விழ வேண்டும். விழாமல் தேங்கினால் அடைப்பு. வளையும் மெல்லிய குழாயை நிதானமாக விட்டுச் சுத்தம் செய்யுங்கள். முரட்டுக் கம்பியை விட்டுக் குத்தினால் உள்ளே இருக்கும் குழாய் கழன்றுவிடும். அதைத் திரும்ப மாட்டுவது பெரும்பாடு. அடுத்து, கதவுக் கண்ணாடி வந்து அழுந்தும் ரப்பர் பட்டைகளை விரலால் அமுக்குங்கள். அமுக்கிய இடம் எழும்பி வராவிட்டால் ரப்பர் செத்துவிட்டது. புது டாப்போடு புது ரப்பருக்கும் பணம் ஒதுக்குங்கள்.

நம்பிக்கை: புது டாப்பில் சுருக்கம் இருந்தால் சரியாகத் தைக்கவில்லை.

உண்மை: பெட்டியில் மடிந்து வந்த டாப்பில் மடிப்புத் தடம் இருக்கும். மாட்டும் முன் சிறிது நேரம் இளவெயிலில் விரித்துவைத்தால் பொருள் இளகிப் பணியும். குளிரில் மாட்டினால் வினைல் இழுபடாது. பிறகு வெயில் பட்டதும் தொளதொளக்கும். புது டாப் முதலில் இறுக்கமாகத்தான் இருக்கும். முன்கொக்கி மாட்டச் சிரமப்படுத்தும். மாட்டிய பிறகு சில நாட்கள் மடிக்காமல் மூடியே வைத்திருந்தால் அது சட்டத்துக்குப் பழகும்.

அப்படியும் போகாத சுருக்கம் பெரும்பாலும் சட்டத்தின் குறை. துணியைத் தாங்கும் வளைந்த கம்பிகளை (வில்களை) இணைக்கும் பட்டைகள் நைந்திருக்கும், மூட்டுகள் தேய்ந்திருக்கும். இடுப்பு வளைந்தவருக்கு எந்தச் சட்டை தைத்தாலும் ஒரு பக்கம் தூக்கித்தான் நிற்கும். துணியைக் குறை சொல்லும் முன் சட்டத்தை நேராக்குங்கள்.

நம்பிக்கை: எந்த டாப்பையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நாமே மாற்றிவிடலாம்.

உண்மை: எம்.எக்ஸ்-5-க்கு இது ஓரளவு உண்மை. போல்ட்டுகளைக் கழற்றினால் சட்டமே முழுதாக வெளியே வந்துவிடும். மேசைமேல் வைத்துப் பொறுமையாக மாற்றலாம். பீட்டில் கேப்ரியோலேவில் அந்தப் பேச்சே வேண்டாம். வெளித்துணிக்கும் உள்கூரைத் துணிக்கும் நடுவே தடித்த மெத்தை அடுக்கு இருக்கிறது. துணியை ஆணியடித்துப் பிடிக்கும் மரப் பாகங்கள் இருக்கின்றன. அவை உளுத்திருந்தால் முதலில் மரவேலை. அது கூரை வேலையில் கைதேர்ந்தவர் செய்ய வேண்டியது. அவர் கூலி துணியின் விலையைத் தாண்டினாலும் வியக்காதீர்கள்.

நம்பிக்கை: பளபளப்பாக்கும் திரவம் பூசினால் டாப் நீடிக்கும்.

உண்மை: துணி டாப்பில் சிலிக்கான் பளபளப்பு அழுக்கை ஒட்டவைக்கும். மிதமான சோப்பு, மென்மையான தூரிகை, நிறையத் தண்ணீர் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு துணிக்கென்று விற்கும் நீர்விலக்கித் திரவத்தை அடிக்கலாம். சுழலும் பிரஷ் வைத்த கார் வாஷ் துணி, வினைல் இரண்டுக்குமே ஆகாது. ஈரத்தோடு மடித்து நாள்கணக்கில் வைப்பது அதைவிடக் கெடுதல். பூஞ்சைக்கு நாமே பாய் விரித்துக் கொடுப்பது போல. எல்லாவற்றுக்கும் மேலான பராமரிப்பு நிழல். கோவையானாலும் லண்டனானாலும் கூரையைத் தின்பது முதலில் வெயில்தான்.

பணத்தை எடுத்து வைக்கும் முன் இந்த வரிசையைக் கடைப்பிடியுங்கள்: முதலில் வடிகால், பிறகு சட்டம், பிறகு ரப்பர், பிறகு ஜன்னல், கடைசியாகத் துணியும் நிறமும். முதல் மூன்றும் சரியாக இருந்தால் நடுத்தர விலை டாப்கூட நெடுங்காலம் உழைக்கும். அவை சரியில்லை என்றால் எந்த விலைத் துணியும் காப்பாற்றாது. அடுத்த மழைக்கு முன் ஒரு குவளைத் தண்ணீரோடு உங்கள் காரிடம் போங்கள்.