நகரியல் கல்வி

பெங்களூரில் இருப்புப்பாதைகளை ஒட்டி அமைந்த பகுதி ஒக்கலிபுரம். இதன் அருகிலுள்ள மெஜஸ்டிக் பேருந்து நிலையம் முன்னாளில் தர்மாம்புதி ஏரியாக இருந்தது. ஏரி தூர்ந்தாலும் நிலத்தின் சரிவு மாறுவதில்லை. மழைநீர் இன்றும் தாழ்விடத்தையே நாடும். இதனை எண்ணாமல் சாலையும் வீடும் அமைத்தால் தாழ்விடத்தில் வாழும் எளியோரே முதலில் துன்புறுவர். இத்தகைய சிக்கல்களை ஆராய்ந்து தீர்வு காண்பது நகரியல்.

நகரத் திட்டமிடலில் இளநிலைப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள் கொண்டது. தில்லி, போபால், விஜயவாடா ஆகிய நகரங்களில் இதற்கென மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள் உள்ளன. மேல்நிலை வகுப்பில் கணிதம் பயின்றோர் நுழைவுத்தேர்வு எழுதிச் சேரலாம். மாணவர் வரைபடம், புள்ளியியல், பொருளியல் ஆகியவற்றைக் கற்பதுடன், தெருக்களுக்குச் சென்று மக்களின் குறைகளையும் கேட்டறிவர்.

சொற்பொருள்: தூர்தல் – மண் நிறைந்து மேடாதல்.

வினா: ஏரி மறைந்தபின்னும் மழைநீர் அங்கே சேர்வது ஏன்?