மர மீன் செதுக்க: கத்தியா, மோட்டாரா?

மரத்தில் மீனைச் செதுக்கி, இப்போதுதான் ஏரியில் பிடித்ததுபோல வண்ணம் தீட்டும் காணொளிகளைப் பார்த்து, அதையே பொழுதுபோக்காக்கிக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் பட்டாபிராம், ஆவடி பக்கமும் உண்டு. ஆசை நல்லது; தொடங்கும் இடம்தான் தப்பாகிறது. காணொளியில் பார்த்த, மோட்டாரால் சுழலும் ரோட்டரி டூலை முதல் வாரமே வாங்கிவிடுகிறார்கள். ‘மரமென்றால் தேக்கு’ என்று அப்பா தேக்குத் துண்டு கொண்டுவருகிறார். பள்ளிக் கண்காட்சிக்கு மீன் தயாராக வேண்டும் என்று நாளும் குறித்துவிடுகிறார். அடுத்த மாதம் எல்லாம் பரணில் கிடக்கிறது.

வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கத்தியும் உளியும் கொண்டு கையால் செதுக்கலாம். வண்ணத்தில் மட்டும் நாட்டம் உள்ளவர், கதவுக்குப் பூவேலை செய்யும் சி.என்.சி. கடையில் மீன் வடிவத்தை வெட்டி வாங்கிக்கொள்ளலாம். சிற்பத்தையே படிப்பாக்க நினைப்பவருக்கு 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. மரச்சிற்பமும் அங்கே பாடம்.

மிஞ்சுவது மோட்டார். தகுதிக்கு மீறிய புகழ் அதற்குத்தான்.

போட்டிகளில் வெல்லும் வெளிநாட்டுக் கலைஞர்கள் மோட்டார் கருவிகளைப் பயன்படுத்துவது உண்மை. ஆனால் மீனின் உடல் எங்கே உப்புகிறது, எங்கே ஒடுங்குகிறது என்பது அவர்கள் கைக்கு முன்பே தெரியும். நிமிடத்துக்கு 30,000 சுற்றுவரை சுழலும் முனை, புதியவர் யோசித்து முடிப்பதற்குள் செவுள் மூடியின் விளிம்பைத் தின்றுவிடும். கத்தி அப்படியல்ல. மர இழை ஓடும் ரேகைக்கு எதிராகப் போனால் மரம் பிசிறு கிளம்பி எதிர்ப்புக் காட்டும். திரும்பி வெட்டு என்று சொல்லும். மோட்டாருக்கு எந்தத் திசையும் ஒன்றே என்பதால் ரேகையைப் படிக்கும் பழக்கமே வருவதில்லை. துடுப்பில் அதன் விளைவு தெரியும். துடுப்பின் கதிர்கள் ஓடும் திசையிலேயே ரேகையும் ஓடினால் அதை மெல்லிசாகச் சீவலாம். குறுக்கே ஓடினால் பட்டென்று ஒடியும்.

தூசியும் சின்ன விஷயமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. கத்தி சீவலாகத் தள்ளுவதை மோட்டார் மாவாக்கிப் பறக்கவிடுகிறது. இரண்டு அறை வீட்டில், சமையலறைக்குப் பக்கத்தில் செய்கிற வேலை இல்லை அது.

கையால் ஆகாதது என்ன இருக்கிறது? பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் ஒரே கட்டையிலிருந்து உளியால் தெய்வ உருவங்களை எடுக்கிறார்கள். 2020-இல் அந்த மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆஸ்கர் பீட்டர்சன் (1887–1951), பனி உறைந்த ஏரிகளில் பெரிய மீனை ஈட்டி எட்டும் தூரத்துக்கு இழுக்க ஆயிரக்கணக்கில் மர மீன்களைச் செய்தார். அன்று மலிவாக விற்றவை இன்று ஏலத்தில் பெரும் விலை போகின்றன.

கத்தியோடு தொடங்குபவருக்குத் தேக்கு வேண்டாம், அதிலுள்ள சிலிக்கா கத்தியின் கூரை மழுக்கும். குமிழ் மரம் இணக்கமானது. சென்னபட்டணா பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் மீனாக விராலை எடுக்கலாம். சந்தையில் உயிரோடு விற்பதால், செத்தால் மங்கிப்போகும் நிறத்தை நேரில் பார்க்க முடியும். உருண்ட உடல், தலைக்குப் பின்னே தொடங்கி வாலருகே வரை ஓடும் ஒரே முதுகுத் துடுப்பு. கரும்பச்சை முதுகு விலாவில் பட்டை பட்டையாக இறங்கி, வெளுத்த வயிற்றில் கரைகிறது. அந்த இடத்தில் அடர்ந்த வண்ணத்தை ஒரே பூச்சில் அப்பாமல், நீர்த்த அக்ரிலிக்கைப் பல அடுக்காகக் காயவிட்டுப் பூச வேண்டும்.

எந்த வழி யாருக்கு என்பதைப் பிள்ளையின் சுபாவத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். மீன் தொட்டி முன்னால் அரைமணி நேரம் அசையாமல் உட்காருகிற பிள்ளைக்கு இது கைவரும். உட்கார முடியாத பிள்ளையைப் பரிசுக்காக வற்புறுத்துவதில் பயனில்லை. அதற்குப் பிடித்தது வேறெங்கோ இருக்கிறது, தேட விடுங்கள். உட்கார முடிகிற பிள்ளைக்கும் பொறுமை செய்யச் செய்யத்தான் வளரும். முதல் மூன்று மீன்களுக்கு வண்ணமே வேண்டாம். மூன்றையும் வரிசையாக வைத்து, செவுள் மூடி, வாலடி, துடுப்பு இவற்றில் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லலாம். அதற்குப் பிறகும் மோட்டார்தான் வேண்டுமென்றால் வாங்கிக் கொடுங்கள். தூசி முகமூடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் அதே நாளில் வீட்டுக்கு வரட்டும்.