இலங்கைக் குளங்கள் இயற்கையா, செயற்கையா?

கேள்வி: இலங்கையில் கடல்போல விரிந்து கிடக்கும் குளங்கள் தாமாகவே உருவானவையா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை, அநேகமாக எல்லாமே மனிதர் கட்டியவை. தீவின் வறண்ட பகுதிகளில் பெருமழை அக்டோபர் முதல் ஜனவரி வரைதான். அதைத் தேக்கினால்தான் மற்ற மாதங்களில் வயலுக்குத் தண்ணீர்.

5-ஆம் நூற்றாண்டில் மன்னன் தாதுசேனன் கலாவெவக் குளத்தைக் கட்டினான். அங்கிருந்து அநுராதபுரத்துக்கு வெட்டிய ஜயகங்கைக் கால்வாய் 80 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதன் முற்பகுதியில் கிலோமீட்டருக்குச் சுமார் 10 சென்டிமீட்டர்தான் சரிவு! பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரம் 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு விரிவாக்கியது. கிளிநொச்சியின் இரணைமடு 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

பழைய மதகுகளைப் பாருங்கள். கரைக்குள் கிணறுபோலக் கல்லால் கட்டிய சதுர அறை இருக்கும். சீறிவரும் நீர் அதில் வேகம் தணிந்த பிறகே வெளியேறும், கரை அரிக்காது.

பெருங்குளங்களைக் காப்பவை மேலேயுள்ள சிறு குளங்கள். ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்தது நிரம்பும். வண்டலும் மேலேயே தங்கிவிடும். அவை தூர்ந்தால் பெருங்குளமும் மெல்லத் தூரும். எனவே பராமரிப்பு சிறு குளத்தில்தான் தொடங்க வேண்டும்.