மிதித்தால் பேசும் ரேடியோ

லயத்தில் ஒரு ரேடியோ கெட்டால் வைத்தியம் சொல்ல பத்துப் பேர் வருவார்கள். ஒருவர் தட்டச் சொல்வார், ஒருவர் வெயிலில் வைக்கச் சொல்வார். திறந்து பார்க்கிறவர் திரும்பப் பூட்டும்போது இரண்டு ஸ்குரூ மிஞ்சும். அப்படியும் பெட்டி பாடினால், அந்த இரண்டும் தேவையில்லாததுதான் என்பார்!

இந்த வைத்தியத்தில் யாழ்ப்பாணத்தாரை மிஞ்ச ஆளில்லை. சுன்னாகத்தில் சந்தையும் இருந்தது, மின்சார நிலையமும் இருந்தது. 1990 யூனில் யுத்தம் மறுபடி தொடங்கியதும் குடாநாடே இருண்டது. டோர்ச் பற்றரி கொண்டுபோகவும் தடை. ஆனால் செய்தி கேட்காமல் இருக்க முடியுமா? எந்த ஊரில் குண்டு விழுந்தது, எந்தப் பாதை பூட்டு என்று அறிய பி.பி.சி. தமிழோசையைத்தான் நம்பியிருந்தார்கள்.

அதற்குச் சைக்கிள் கைகொடுத்தது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்தார்கள். ஒருவர் மிதிக்க, சுற்றியிருந்து மற்றவர்கள் கேட்பார்கள். மிதிக்கிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப்போவார். முக்கியமான இடத்தில் குரல் இழுபட்டால், 'மிதியடா தம்பி!' என்று எல்லாரும் கத்துவார்கள். பாவம், மூச்சு வாங்குகிற அவனுக்குத்தான் செய்தி பாதி கேட்காது.

இதில் பாடமும் உண்டு. சைக்கிள் டைனமோ சுமார் 6 வோல்ட், 3 வாட் தரும். அது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். ரேடியோவுக்கோ ஒரே திசையில் ஓடுவது வேண்டும். நாலு டையோட்டைச் சேர்த்தால் திசை நேராகும், ஒரு கொண்டென்சர் போட்டால் இரைச்சல் குறையும். வேகமாக மிதித்தால் வோல்ட்டும் ஏறும். ஆகவே இரண்டு பற்றரி ரேடியோவை நேரே கொடுத்துவிட்டு ஓட்டப்பந்தயம் காட்டக் கூடாது.

பழைய பற்றரியை வெயிலில் வைப்பதும் வெறும் நம்பிக்கை அல்ல. சூட்டில் உள்ளே இரசாயன வேலை கொஞ்சம் துரிதப்படும், ஆனால் சொற்ப நேரத்துக்குத்தான். தட்டினால் பாடுவதற்கும் காரணம் உண்டு. உள்ளே எங்கோ ஈயப்பற்று விட்டிருக்கும், அடியில் அது தற்காலிகமாக ஒட்டும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஈயம் வைத்தால் அடிக்க வேலையில்லை.

பின்பக்கம் பெருத்த பழைய டி.வி. மட்டும் வேறு சாதி. கலர்ப் படக்குழாய்க்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது குழாயில் தங்கியிருக்கும். பின்மூடியைத் திறந்து தூசு தட்டப் போனவர் தூக்கி எறியப்படலாம், உயிரும் போகலாம். பழக்கமுள்ள மெக்கானிக்கிடமே கொடுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

அவரும் கைவிட்ட பெட்டியை என்ன செய்வது? எறிய யாருக்கு மனம் வரும்! நம் காம்பிராக்களில் செத்த டி.வி.யின் தலையில்தான் புது டி.வி. உட்கார்ந்திருக்கிறது.