நரம்பு நஞ்சும் முதல் ஒரு மணி நேரமும்

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து மலையேறும் பாதை, கம்பம்மெட்டில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தை அடைகிறது. ஏலத்தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டுத் தொழிலாளர் நாள்தோறும் இவ்வெல்லையைக் கடக்கின்றனர். ஏலச்செடியைத் தாக்கும் இலைப்பேனை ஒழிக்கப் பயன்படுத்தப்பட்டு வந்த மருந்துகளுள் குயினால்பாஸ் ஒன்று. இது கரிமப் பாஸ்பரஸ் இனத்தைச் சேர்ந்தது. போர் நஞ்சுகளான டாபுன், சாரின் ஆகியவையும் இவ்வினத்தனவே.

இவ்வுறவு தற்செயலானதன்று. 1936-ல் ஜெர்மன் இரசாயன நிபுணர் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிக்கொல்லிகளை ஆராய்கையிலேயே டாபுனைக் கண்டறிந்தார். பராத்தியான் என்னும் பூச்சிமருந்தும் பின்னர் அவரது ஆராய்ச்சியில் தோன்றியதே. 1958-ல் கப்பலில் உணவுப் பொருளுடன் ஏற்றிவரப்பட்ட பராத்தியான் கசிந்து கலந்ததால், கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் இயற்றப்பட்டது.

நஞ்சு செயற்படும் முறை

நரம்பின் ஏவலைத் தசைக்கும் சுரப்பிக்கும் கொண்டு செல்வது அசிட்டைல்கோலின் என்னும் பொருள். அதன் பணி முடிந்தவுடன் ஒரு நொதி அதனைச் சிதைத்துவிடும். தோல், மூச்சு, உணவு ஆகியவற்றின் வழியே புகும் இந்நஞ்சு அந்நொதியை முடக்குகிறது. அதனால் ஏவல் ஓயாது தொடர்கிறது. கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும். உமிழ்நீரும் வியர்வையும் பெருகும். வாந்தியும் தசைத்துடிப்பும் காணும். இறுதியில் மூச்சு தடைப்படும்.

சர்வதேச ஒத்துழைப்பு

1997-ல் அமலுக்கு வந்த இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் பத்தாவது ஷரத்து, தாக்குதலுக்கு உள்ளாகும் உறுப்பு நாட்டுக்குப் பிற நாடுகள் உதவ வழி செய்கிறது. ஹேக் நகரிலுள்ள அதன் நிறுவனம் பல நாட்டு மீட்புப் பணியாளருக்குப் பயிற்சி அளிக்கிறது. இந்தியா தன் இரசாயன ஆயுதக் கையிருப்பு முழுவதையும் 2009-ல் அழித்து முடித்தது. அரக்கோணத்திலுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் இரசாயன, உயிரியல், கதிரியக்க, அணு ஆபத்துகளைச் சமாளிக்கப் பயிற்சி பெற்றவர்கள்.

ஆயினும் எப்படையும் மலைச்சரிவை அடையக் காலம் பிடிக்கும். போர் நஞ்சாயினும் தோட்ட நஞ்சாயினும், முதல் ஒரு மணி நேரம் அருகிலிருப்போரின் பொறுப்பே.

செய்ய வேண்டுவன

உதவுவோர் முதலில் கையுறை அணிதல் வேண்டும். பாதிக்கப்பட்டவரைக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுசென்று, நனைந்த உடைகளைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவ வேண்டும். நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தல் வேண்டும். அவர் வாயில் எதுவும் புகட்டலாகாது. மருந்துப் புட்டியின் சீட்டையும் உடன் எடுத்துக்கொண்டு தாமதமின்றி மருத்துவமனை சேர்க்க வேண்டும். அட்ரோபின் முதலிய மாற்று மருந்துகளை மருத்துவரே அளிப்பர்.

எல்லையின் இருபுறத்துக் கள ஊழியரும் இவ்வடையாளங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதித் தோட்டங்களில் ஒட்டுதல் நலம். காலி மருந்துப் புட்டியில் தண்ணீரோ எண்ணெயோ வைக்கலாகாது என்பதை ஆசிரியர் வகுப்பில் கற்பித்தால், அப்பாடம் மாலையிலேயே தொழிலாளர் வீடுகளைச் சென்றடையும்.