மலைத்தோட்ட விளைபொருளை விற்கச் செல்போன் படம் எடுப்பது எப்படி?

கீழ்ப்பழனி மலையில் பாச்சலூர், தாண்டிக்குடி, பன்றிமலை, பெரும்பாறை வட்டாரங்களில் காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, சௌசௌ ஆகியவற்றுடன், வியாபாரிகள் பட்டர் புரூட் என்று சொல்லும் வெண்ணெய்ப்பழமும் விளைகிறது. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி இவற்றை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறக்கிவிட்டு, அன்றைய விலையை ஏற்றுக்கொண்டு திரும்புவதே வழக்கம். அண்மைக் காலமாக இளைஞர்கள் பலர் தோட்டத்தைச் செல்போனில் வீடியோ படமாகப் பிடித்து, யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றில் வெளியிட்டு, நுகர்வோருக்கு நேரடியாக விற்க முயலுகின்றனர். முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் இப்படங்களில் பலவற்றை யாரும் முழுமையாகப் பார்ப்பதில்லை. பார்க்கப்படுகிறவையும் விற்பனையைக் கொண்டுவருவதில்லை. குறை செல்போனில் இல்லை. எதைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்யாமலே படம் எடுக்கத் தொடங்குவதுதான் குறை.

விவசாயிக்கு இத்தகைய சாதனங்கள் புதியன அல்ல. 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்ற நெல் இரகத்தைப் பற்றி வானொலியில் கேட்டுப் பயிரிட்ட தஞ்சை விவசாயிகள், அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டனர். வீடியோவைப் பொறுத்தவரை, நாம் கவனிக்க வேண்டிய ஓர் ஆய்வு கர்நாடகத்தில் நடந்தது. 2006ல் பெங்களூரில் டிஜிட்டல் கிரீன் என்ற பெயரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், நிபுணர்களைப் பேச வைக்காமல், உள்ளூர் விவசாயிகளையே நடைமுறைகளைச் செய்ய வைத்துப் படம் எடுத்து, அக்கம்பக்கத்து ஊர்களில் திரையிட்டுக் காட்டினர். 16 கிராமங்களில் 13 மாதம் ஒப்பிட்டுப் பார்த்ததில், வழக்கமான பயிற்சி, பார்வையிடல் முறையைவிடச் சில நடைமுறைகளை ஏழு மடங்கு அதிகமானோர் கடைப்பிடித்தது தெரிந்தது. படத்தில் வருபவர் யார், எந்த ஊர்க்காரர் என்பதுதான் பார்த்தவர்கள் கேட்ட கேள்வி. தம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்க்கும்போது நம்பிக்கை பிறக்கிறது. இக்கட்டுரையை எழுதும் என்னைப் போன்றோர் திரையில் வந்து அரை மணி நேரம் பேசுவதைவிட, சேற்றுக் காலோடு நிற்கும் ஒருவர் அரை நிமிடம் காட்டுவது கூடுதலாக எடுபடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்தினர் 2018ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் யாவரும் அறிந்ததே. தாத்தா பெரியதம்பியும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைக்கின்றனர், அவ்வளவுதான். 2021ல் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. தமிழில் இந்த எண்ணிக்கையை முதலில் எட்டிய யூடியூப் சேனல் அதுவே. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது சமையலை அன்று. ஒரே ஆட்கள், ஒரே மாதிரியான இடம், வேலை தொடக்கம் முதல் முடிவு வரை வரிசையாக. போடுகிற பொருளின் பெயரை உரக்கச் சொல்லிப் போடுகின்றனர். மசாலா அரைப்பதையும் மறைப்பதில்லை. மூன்று ஆண்டுக் காலம் விடாமல் இப்படியே செய்தனர். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. அவர்களுக்குப் பார்வையாளர்களால் வருமானம். உங்களுக்குப் பழத்தால் வருமானம். இரண்டுக்கும் கணக்கு வேறு.

எத்தனை பேர் பார்க்க வேண்டும்?

வாரம் 80 கிலோ வெண்ணெய்ப்பழம் பறிக்கும் ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 5 கிலோ பெட்டியாகப் போட்டால் 16 பெட்டி. மாதத்துக்கு 64 பெட்டி. மாதம் ஒரு பெட்டி வாங்கும் 64 குடும்பங்கள் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் கோவையிலும் கிடைத்துவிட்டால் அந்தத் தோட்டத்துப் பழம் முழுவதும் விற்றுப்போகும். இதற்கு லட்சம் பேர் பார்க்க வேண்டியதில்லை. லட்சம் பேர் பார்த்து 500 பேர் பெட்டி கேட்டால் கொடுக்கப் பழமும் இராது. அப்போது மார்க்கெட்டில் யாருடைய பழத்தையோ வாங்கித் தம் தோட்டத்துப் பழம் என்று அனுப்பத் தோன்றும். அத்துடன் பெயர் கெட்டது.

யூடியூப்பில் விளம்பர வருமானம் கிடைக்கும் என்று எண்ணுவோரும் உள்ளனர். அதற்கு 1,000 சந்தாதாரர் இருக்க வேண்டும். அத்துடன் 12 மாதத்தில் 4,000 மணி நேரம் நம் நீளப் படங்களை மக்கள் பார்த்திருக்க வேண்டும். அல்லது 90 நாளில் குறும்படங்களை 1 கோடி முறை பார்த்திருக்க வேண்டும். களையெடுப்பையும் மருந்தடிப்பையும் விட்டுவிட்டு இதைத் துரத்துவது சிறு விவசாயிக்கு உகந்ததன்று.

வாங்குபவரின் சந்தேகமே படத்தின் பொருள்

தோட்டத்தைச் சுற்றிக் காட்டிப் பின்னணியில் சினிமாப் பாட்டு சேர்ப்பதால் பயனில்லை. வாங்குபவர் தொலைபேசியில் என்ன கேட்கிறார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு கேள்விக்கு ஒரு படம். அதுவே போதும்.

வெண்ணெய்ப்பழத்தையே பாருங்கள். இப்பழம் மரத்தில் பழுப்பதில்லை. முற்றிய காயைப் பறித்து வைத்தால் சுமார் 6 முதல் 10 நாளில் மெதுவாகும். நகரத்தில் வாங்குபவருக்கு இது தெரியாது. பெட்டி வந்த அன்றே அறுத்துப் பார்த்து, கல்லாக இருக்கிறது, கசக்கிறது என்று குறை கூறுவார். அல்லது விற்பவரே முற்றாத காயைப் பறித்து அனுப்பியிருப்பார். அது மெதுவாகாமல் சுருங்கிப்போகும். முதிர்ச்சியை அறிய எளிய வழி உண்டு. மரத்துக்கு ஒரு காயை அறுத்து விதையைப் பார்த்தால், முற்றாத காயில் விதையின் மேல்தோல் மஞ்சள் கலந்த வெள்ளையாகவும், முற்றிய காயில் கரும்பழுப்பாகவும் இருக்கும். ஊதா நிற இரகங்களில் காயின் வெளித்தோலும் செம்பழுப்பாக மாறும். பச்சை இரகங்களில் இலேசான மஞ்சள் ஏறும்.

இதை அப்படியே 45 விநாடிப் படமாக்கலாம். முதல் காட்சியில் கத்தி காயை அறுக்கிறது. இரண்டு விதைகளும் அருகருகே உள்ளங்கையில். “இந்த விதை வெளுத்திருக்கிறது, இந்த மரத்தை இன்று பறிக்க மாட்டோம், இது கருத்திருக்கிறது, இதைப் பறிக்கிறோம்” என்று ஒரு வாக்கியம். அடுத்து, காம்பு சிறிது இருக்குமாறு காயை வெட்டி எடுப்பது. பின்னர், முன்பே பறித்து வீட்டில் வைத்த பழத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக் காட்டி, “இந்தப் பதம் வந்த பிறகு அறுங்கள், அதுவரை குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம்” என்று சொல்லி முடிக்கலாம். எந்த ஊர், எந்த மாதம், எந்த எண்ணில் கேட்பது என்பதைத் திரையில் எழுத்தாகப் போட்டால் போதும். இப்படம் வாங்கத் தூண்டுவதோடு, வாங்கிய பின் வரும் சண்டையையும் தவிர்க்கிறது. பெட்டி அனுப்பும்போது இதே படத்தை வாட்ஸ்அப்பில் மறுபடி அனுப்பலாம்.

காப்பியில் செந்நிறம் ஏறிய பழத்தை மட்டும் பறிப்பதும், பச்சைக்காயைச் செடியிலேயே விடுவதும் நல்ல காட்சி. “கொடி” என்று சில வெளியூர்ப் படங்களில் சொல்கின்றனர். காப்பி செடி என்பதையும், அதன் நிழல்மரத்தில் ஏறியிருப்பதே மிளகுக் கொடி என்பதையும் சேர்த்துக் காட்டினால் நகரத்தார் அந்த ஒரு விவரத்துக்காகவே பார்ப்பர். பழத்தோல் நீக்குதல், அலசுதல், களத்தில் காய வைத்துக் கிளறுதல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிப் படமாகும். ஆடி, ஆவணியில் வெண்ணெய்ப்பழம், கார்த்திகை முதல் காப்பி, தை, மாசியில் மிளகு என்று வேலை வரும் வரிசையில் எடுத்தால், என்ன எடுப்பது என்று தேட வேண்டியிராது. சௌசௌ போன்று எடை அதிகமும் விலை குறைவுமான சரக்கைப் பெட்டியில் அனுப்பிக் கட்டுப்படியாகாது. அதை மார்க்கெட்டுக்கே விடுங்கள்.

எடுக்கும் முறை

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகியவற்றுக்குச் செல்போனை நிமிர்த்திப் பிடித்தும், யூடியூப்பில் நீளமான படத்துக்குக் கிடையாகப் பிடித்தும் எடுக்க வேண்டும். மலையில் பனிமூட்டம் அடிக்கடி லென்சின் மேல் படியும். ஒவ்வொரு முறையும் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்த பிறகே எடுக்கவும். காப்பித் தோட்டத்துக்குள் உச்சிவெயிலில் எடுத்தால் நிழலும் வெயிலும் திட்டுத்திட்டாக விழுந்து முகமே தெரியாது. காலை 9 மணிக்கு முன்னும், மூடாப்பான நாளிலும் வெளிச்சம் சீராயிருக்கும். செல்போனை நாலாபுறமும் சுழற்றாமல், ஒரே இடத்தில் 10 விநாடி அசையாமல் பிடித்து, பிறகு அடுத்த இடத்துக்குச் செல்ல வேண்டும். கை செய்யும் வேலையை அருகில் சென்று எடுப்பது மிக முக்கியம்.

காற்றுச் சத்தம்தான் மலையில் பெரிய தொந்தரவு. சட்டையில் குத்தும் சிறு மைக் இருந்தால் நலம். இல்லையேல் வேலையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் அமர்ந்து குரலைத் தனியாகச் சேர்க்கலாம். ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்போர் பலர். ஆகவே சொல்வதைத் தமிழில் எழுத்தாகவும் போடுக. “வணக்கம் நண்பர்களே” என்று தொடங்கி அறிமுகம் முடிவதற்குள் பார்ப்பவர் விரலால் தள்ளிவிடுகிறார். முதல் மூன்று விநாடிக்குள் பழமோ கத்தியோ கையோ திரையில் வந்துவிட வேண்டும். பேச்சு வீட்டில் பேசுவது போலவே இருக்கட்டும். தோட்டத்தில் கோட்டைச்சுவர் போல நின்று மேடைத்தமிழ் பேசுவதைப் பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. டவர் கிடைக்காத தோட்டமாயின், ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கும் நாளில் வாரப் படங்களைச் சேர்த்து ஏற்றிவிடலாம்.

கன்று விற்கும் படங்கள்

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியுள்ளது. பார்வையாளர் கூடியதும் பலர் செய்வது, விருப்பாச்சி வாழையின் பக்கக்கன்றைக் கூரியரில் அனுப்புவதாக அறிவிப்பது. 1970களில் முடிக்கொத்து நோய் பரவி கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழையை அழித்ததை மூத்த விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ 18,000 எக்டேரில் இருந்த வாழை 2,000 எக்டேராகச் சுருங்கியது. இந்நச்சுயிரி நோய் வாழை அசுவினியாலும், நோயுற்ற மரத்தின் கன்றுகளாலும் பரவுகிறது. இளங்கன்றில் நோய்க்குறி தெரியாமலும் இருக்கலாம். படத்தில் பசுமையாகத் தெரியும் கன்று, நோயைச் சுமந்து இன்னொரு விவசாயியின் நிலத்துக்குப் போய்ச் சேரும். நச்சுயிரி சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்று தவிர வேறு எதையும் வீடியோ மூலம் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். இலைகள் குறுகி நுனியில் கொத்தாக நிமிர்ந்து நின்றாலோ, இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தெரிந்தாலோ, அதே செல்போனில் படம் எடுத்துத் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளிடம் காட்டுங்கள். செல்போனுக்கு அதைவிட நல்ல உபயோகம் இல்லை.

ஒரு ஏக்கரில் பல லட்சம் என்ற தலைப்பில் வரும் வெண்ணெய்ப்பழப் படங்களையும் இவ்விதமே பார்க்க வேண்டும். அவற்றில் பலவற்றின் முடிவில் நாற்றங்கால் எண் வரும். ஒட்டுக்கன்று காய்க்க மூன்று நான்கு ஆண்டும், விதைக்கன்று அதற்கு மேலும் ஆகும் என்பதைச் சொல்லாத படம் நம்பத்தக்கதன்று. உங்கள் படத்துக்கும் அத்தகைய தலைப்பு வைக்காதீர்கள். அதைப் பார்த்துக் கடன் வாங்கி நடுகிறவரும் ஒரு சிறு விவசாயியே.

சட்டத்துக்கு உட்பட்ட சில செய்திகள். விருப்பாச்சி மலைவாழை 2008-09ல் புவிசார் குறியீடு பெற்றது; அப்பெயரை வணிகக் குறியீடாகப் பயன்படுத்த விரும்புவோர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். தோட்டத்துப் பழத்தை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது; ஆனால் காப்பித்தூள் அரைத்துப் பொட்டலம் போட்டு விற்றால் பதிவு தேவை. சர்க்கரை நோய் தீரும், இரத்தக் கொதிப்பு இறங்கும் என்று உணவுப்பொருளைப் பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. காட்டுமாட்டையும் யானையையும் பின்தொடர்ந்து படம் எடுப்பது உயிருக்கே ஆபத்து. வனத்துறை அனுமதியின்றிக் காட்டுக்குள் செல்வதும் குற்றம்.

பழம் தீர்ந்த அன்றே “இந்த வாரம் முடிந்தது, அடுத்த பறிப்பு இன்ன தேதியில்” என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு, பணம் கட்டிக் காத்திருப்போரின் பெயர்களை நோட்டில் வரிசைப்படி எழுதி, அடுத்த பறிப்பில் அவர்களுக்கே முதலில் அனுப்புக.